பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம்

கேள்வி: ஒரு வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும்போது, ‘நாங்கள் ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸில் இருக்கிறோம்’ என்றார் எங்கள் மேலாளர். இதன் பொருள் என்ன? – வாசகர், ஓசூர்

பதில்: ‘மிஸ்டர்’ என்ற மரியாதைச் சொல்லோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைக்கும் நிலையைக் கடந்து, ஒருவரையொருவர் இயற்பெயரால் அழைக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள் என்பதே பொருள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நம் ‘நீ’யைப் போல ‘தௌ’ என்ற சொல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அது பொதுவழக்கிலிருந்து மறைந்து, எல்லோருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டதால், நெருக்கத்தைக் காட்டும் பொறுப்பு பெரும்பாலும் பெயரின்மேல் விழுந்தது. உங்கள் ஓசூரில் கலந்து புழங்கும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நீ–நீங்கள், நுவ்வு–மீரு, நீனு–நீவு என்று அந்த வேறுபாடு இன்றும் உயிரோடிருக்கிறது. தவிர, நம்மில் பெரும்பாலோருக்குப் பெயர் ஒன்றுதான்; முன்னெழுத்து தந்தையுடையது. ஆகவே ‘முதற்பெயர் உறவு’ என்று மொழிபெயர்க்காமல், ‘பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம்’ என்றே எழுதுங்கள்.

ஆனால் நம் நெருக்கம் பெயரில் மட்டும் இல்லை. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில் ஒரே மேசையில் பல ஆண்டுகளாகக் கணக்கெழுதும் இருவரை அறிவேன். இளையவர் ஒருநாளும் மூத்தவரின் பெயரைச் சொன்னதில்லை. ‘அண்ணா, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டபடியே அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார்.