அமுக்கினாலும் எழும்பும் ஃபிளாஷ்: என்ன செய்வது?

செங்காங்கிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஜூன் விடுமுறையில் பிள்ளைகளோடு நைட் சஃபாரி (சிங்கப்பூரின் இரவு விலங்குத் தோட்டம்) போயிருந்தோம். அங்கே ஃபிளாஷ் போடக் கூடாது என்று தெரியும். அதனால் கேமராவின் ஃபிளாஷைக் கையால் அமுக்கித்தான் வைத்திருந்தேன். படமெடுக்கப் போனால் டக்கென்று எழும்பிப் பளீரென்று அடித்துவிட்டது. டிராமில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் சனியனை எப்படி அணைப்பது?"

கேமராவில் பழுது எதுவும் இல்லை. மேலே இருக்கும் மோட் டயல் ஆட்டோவில் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆட்டோவில் வெளிச்சம் போதுமா என்று தீர்மானிப்பது கேமரா. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் இருட்டைப் பார்த்து ஃபிளாஷைத் தானே தூக்கிவிடும். கையால் அமுக்குவது வீண் வேலை.

டயலைத் திருப்பிப் பாருங்கள். மின்னல் குறியின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருந்தால் அதில் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. அது இல்லாத மாடலா? 'பி' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். கேனன், நிக்கான் தொடக்கநிலை கேமராக்களில் 'பி'யில் வைத்தால், மின்னல் பொத்தானை நீங்களே அழுத்தினால் ஒழிய ஃபிளாஷ் எழும்பாது. அப்புறம், ஃபோகஸ் தேடுவதற்காக முன்பக்கம் எரியும் சிறு விளக்கு ஒன்று சில கேமராக்களில் உண்டு. ஃபிளாஷை அணைத்தாலும் அது எரியலாம். மெனுவில் 'ஏஎஃப் அசிஸ்ட்' என்று தேடி அதையும் நிறுத்திவிடுங்கள்.

சொல்லப்போனால், அன்று அடித்த ஃபிளாஷால் உங்களுக்கும் பயன் இருந்திருக்காது. கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷ், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் 4 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) என்றால் சுமார் 3 மீட்டர்தான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதனால் படத்தில் பளிச்சென்று விழுவது முன்சீட்டுக்காரர் தலைதான். சிங்கம், சிறுத்தை போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் படலம் ஒன்று உண்டு. மங்கிய வெளிச்சத்துக்கென்றே அமைந்த அந்தக் கண்களில் ஃபிளாஷ் அடித்தால் எப்படிக் கூசும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, ஃபிளாஷை அணைத்தாயிற்று. அடுத்து, "படம் கலங்கலாக வருகிறதே" என்பீர்கள். வரத்தான் செய்யும். ஷட்டர் வேகத்தை 1/60 நொடியில் வையுங்கள். அதற்கு மோட் டயலை கேனனில் 'டிவி' (Tv), நிக்கானில் 'எஸ்' (S) என்ற எழுத்துக்குத் திருப்ப வேண்டும். ஐஎஸ்ஓவை 3200க்கோ 6400க்கோ ஏற்றுங்கள். படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருக்கும், பரவாயில்லை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் என்றால் ஜூம் செய்யாதீர்கள். 18இல் எஃப் 3.5 ஆக இருக்கும் துளை, 55இல் எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். இரவுப் படங்களில் ஆசை இருந்தால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் வாங்கலாம். எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். டிராம் ஓடும்போது மட்டும் எந்த லென்ஸாலும் ஆகாது. நிற்கும்போது எடுங்கள், அல்லது இறங்கி நடைபாதையில் எடுங்கள்.

கைப்பேசியில் இது சுலபம்: கேமராவைத் திறந்து மின்னல் குறியைத் தொட்டு 'ஆஃப்' ஆக்குங்கள். ஆனால் வாட்ஸ்அப்புக்குள்ளிருந்தே படமெடுப்பவர்கள் அங்கே இருக்கும் மின்னல் குறியைத் தனியாக அணைக்க வேண்டும். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன் வீட்டில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கைப்பேசிகளிலும்தான்.