சுல்லாவுக்கு மிதந்து வந்த மூங்கில்கள்

வணக்கம். வங்கதேச விடுதலைப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். போருக்குப் பின் அந்த நாடு எழுந்து நின்றதில் தொண்டு நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிநாட்டுப் பணத்தில் நடப்பவை அவை. அரசின் வேலையை அவை எடுத்துச் செய்தால் அரசு பொறுப்பிலிருந்து நழுவிவிடும். குடிமக்கள் வெறும் பயனாளிகள் ஆகிவிடுவார்கள். தனியார் முயற்சியால் ஒரு நாட்டை மீட்க முடியுமா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

முடியாது. இதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. 1972ல் சிட்டகாங் துறைமுகம் கண்ணிவெடிகளாலும் மூழ்கிய கப்பல்களாலும் அடைபட்டுக் கிடந்தது. சோவியத் கடற்படை வந்துதான் அதைத் திறந்துவிட்டது. போரில் உடைந்த ஹார்டிஞ்ச் பாலம் இந்தியாவின் உதவியோடு சரிசெய்யப்பட்டது. இதெல்லாம் அரசுகள் செய்யும் வேலை. 1974ல் பஞ்சம் வந்தபோது எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆனால் துறைமுகம் திறந்தால் மட்டும் ஊர் திரும்பியவனுக்கு வீடு வந்துவிடாது. இந்தியாவுக்கு அகதிகளாக வந்த ஒரு கோடிப் பேரில், வடகிழக்கே சில்ஹெட் பக்கத்துச் சுல்லா மக்களும் உண்டு. பெரும்பாலும் இந்துக்கள், மீனவர்கள். மழைக்காலத்தில் கடல்போல நீர் நிற்கும் பகுதி அது. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, படகும் இல்லை. சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் உயர்பதவியில் இருந்த ஃபஸ்லே ஹசன் அபேத், லண்டனில் தனக்கிருந்த வீட்டை விற்ற பணத்தோடு அங்கே போனார். அசாமில் மூங்கில் வாங்கி, கட்டுக்கட்டாக ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மீனவர்களுக்குப் படகுகள் கட்டித் தந்தார்கள். பிராக் என்ற தொண்டு நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது.

நான் பிராக் அமைப்பினரை மதிப்பது இந்த வீடுகளுக்காக அல்ல. வீடு கட்டி முடித்ததும் சுல்லாவில் முதியோர் கல்வி வகுப்புகள் தொடங்கினார்கள். சில மாதங்களில் ஆள் வருவது நின்றுபோனது. அங்கே சொல்லித்தந்த பாடத்துக்கும் அந்த மக்களின் பிழைப்புக்கும் சம்பந்தமே இல்லை. மக்கள் சோம்பேறிகள் என்று அறிக்கை எழுதி நன்கொடையாளர்களுக்கு அனுப்பிவிட்டு நகர்ந்திருக்கலாம். அவர்கள் பாடத்தை மாற்றினார்கள்.

அப்புறம் வந்த உப்பு, வெல்லக் கரைசல் இயக்கத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நாடு அது. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர். தாயின் கையாலேயே கலக்கச் செய்து காட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் அந்த ஊருக்குப் போய்ச் சில வீடுகளில் கேட்பார்: என்ன சொல்லித்தந்தார்கள், எங்கே கலந்து காட்டுங்கள்? அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் சொல்லித்தந்த பெண்ணுக்குக் கூலி. எத்தனை வீட்டுக்குப் போனாள் என்பது கணக்கே இல்லை!

அப்படியும் முதலில் தாய்மார்கள் அதைப் பயன்படுத்தவில்லை. ஏன் என்று விசாரித்தால், சொல்லித்தந்த பெண்களுக்கே கரைசலில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரை தேடினார்கள். ஆண்களிடமோ யாரும் பேசவே இல்லை. உடனே பணியாளர்களுக்கு மறுபடி பயிற்சி தந்தார்கள், சந்தைக்கும் மசூதிக்கும் போய் ஆண்களிடம் பேசினார்கள். கடைசியில் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தக் கரைசல் போய்ச் சேர்ந்தது. போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத ஒரு நாட்டின் அரசு இயந்திரத்தில், இது பயன்படவில்லை என்று கீழிருந்து ஒரு ஊழியர் சொல்லி மேலே திட்டம் மாறுவது எவ்வளவு அரிது என்று நினைத்துப் பாருங்கள்.

பயனாளி, குடிமகன் என்ற உங்கள் கவலை நியாயமானது. கைவினைப் பொருள் செய்த கிராமப் பெண்களுக்குக் கடைக்காரர்கள் விற்ற பிறகுதான் பணம் தருவார்கள், மாதக்கணக்கில் இழுப்பார்கள். பொருள் வந்ததும் காசு கொடுப்பதற்காகவே 1978ல் பிராக்கின் ஆரோங் கடை திறக்கப்பட்டது. கூலியைக் கையில் வாங்கும் பெண்ணைப் பயனாளி என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி, அதே நிறுவனங்கள் பின்னாளில் பெரிய அளவில் கடன் கொடுத்தபோது வட்டி பற்றியும் வசூல் பற்றியும் எழுந்த புகார்களை நான் ஒதுக்கவில்லை. ஒரு கட்சியைத் தேர்தலில் தோற்கடிக்கலாம், தொண்டு நிறுவனத்தை அப்படி அகற்ற முடியாது. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

அரசு நழுவிவிடும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஜஃப்ருல்லா சௌத்ரியைப் பாருங்கள். பிரிட்டனில் அறுவை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், போருக்காகத் திரும்பி வந்தார். திரிபுராவின் மேலாகரில் மூங்கிலால் கட்டிய 480 படுக்கைக் கள மருத்துவமனையை நடத்தியவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் அந்த முயற்சி டாக்கா அருகே சாவாரில் கணஸ்வாஸ்த்ய கேந்திரமாக, அதாவது மக்கள் நல மையமாக, ஊன்றியது. அங்கே பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் மருத்துவம் பார்த்தார்கள். மருந்து விலை ஏழைக்கு எட்டவில்லை என்று தெரிந்தபோது அவர்கள் சொந்தமாக மருந்துத் தொழிற்சாலையும் தொடங்கினார்கள். ஆனால் ஒரு தொழிற்சாலையால் சந்தையை மாற்ற முடியாது, சட்டம் வேண்டும். தேவையற்ற, கேடான மருந்துகளை நீக்கி அவசிய மருந்துகளின் விலையைக் கட்டுக்குள் கொண்டுவந்த 1982ன் தேசிய மருந்துக் கொள்கையை உருவாக்கிய குழுவில் ஜஃப்ருல்லா இருந்தார். பன்னாட்டு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தும் அரசு அதை நிறைவேற்றியது.