நுவரெலியாவில் கொம்புப் பிடிக் கத்திகள் ஏன் வெடிக்கின்றன?

எருமைக் கொம்புப் பிடி போட்ட கத்திகளைச் சேர்க்கிறீர்கள், நுவரெலியாவுக்குக் குடிவந்தபின் பிடிகளில் கீறல் விழுகிறது என்கிறீர்கள். குளிரை மட்டும் குறை சொல்லாதீர்கள். கொம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்போ சுருங்காது. அந்த இழுபறியில் ஆணி அடித்த இடத்திலிருந்துதான் பெரும்பாலும் கீறல் கிளம்பும். மாதக்கணக்கில் மழையில் ஊறிய பிடியை அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் கேட்கவே வேண்டாம். என் கத்தி ஒன்று அப்படித்தான் போயிற்று.

தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள். அது நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியால் தேய்ப்பதே மேல். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து அலகில் துரு ஏற்றும். பிடியில் ஊசித்துளைகள் தெரிந்தால் அது வெடிப்பல்ல, கெரட்டினைத் தின்னும் வண்டுப் புழுவின் வேலை. அந்தக் கத்தியை உடனே தனியே எடுத்து வையுங்கள்.

மான் கொம்பு வேறு சங்கதி. அது எலும்பு, கெரட்டின் அல்ல. மரை என்னும் பெரிய மான் இங்கே இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் கொம்புப் பிடி விலைக்கு வந்தால் நான் தொடமாட்டேன்.