சிறுத்தை, புலி, சிங்கம் நடமாடும் பகுதிகளில் கிராம மக்கள் அவற்றோடு பாதுகாப்பாக வாழ முடியுமா? வெளியில் இருக்கும் நாம் எப்படி உதவலாம்?

முடியும். ஆனால் உதவி தொடங்க வேண்டிய இடம் காடு அல்ல, ஆடு மாடு அடைக்கும் இரவுப் பட்டி. கால்நடையைப் பறிகொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து 'காட்டு விலங்கும் வாழ வேண்டும்' என்று பேசினால் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

மேய்ச்சலில் சிறுத்தை ஒரு ஆட்டை அடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். வேட்டை அதோடு முடிந்தது. பட்டிக்குள் புகுந்துவிட்டால் கதை வேறு. ஆடுகளுக்குத் தப்பிக்க வழியில்லை. அவை மிரண்டு மோதிக்கொண்டே இருக்க, சிறுத்தையும் அடித்துக்கொண்டே இருக்கும். தின்பது ஒன்றைத்தான். விடியும்போது பட்டியில் பாதி செத்துக் கிடக்கும். வெறி பிடித்த மிருகம் என்று ஊர் சொல்வது இதைப் பார்த்துத்தான். ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் ஒரே இரவில் போன பிறகு அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு பட்டியைப் பார்க்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கூரையும் கதவின் அடிப்பகுதியும். நெஞ்சளவுக் கல்சுவர் ஆட்டை உள்ளே நிறுத்தும், சிறுத்தையை வெளியே நிறுத்தாது. மேலே கட்டைகள் போட்டு, கம்பிவலையை இழுத்து, சுவரோடு சுற்றிலும் பிணைத்துக் கட்ட வேண்டும். கதவு நிலையோடு பொருந்தி மூட வேண்டும். தலை நுழையும் சந்து இருந்தால் உடம்பும் நுழைந்துவிடும். லடாக்கில் பனிச்சிறுத்தைத் தொல்லை இருந்த ஊர்களில் இதைத்தான் செய்தார்கள். வலையும் கதவும் வெளியிலிருந்து வந்தன; கல்லும் உழைப்பும் ஊராருடையவை. அந்தப் பங்கு முக்கியம். தன் கையால் கட்டிய பட்டியில் வலை அறுந்தால் மறுநாளே தைப்பார்கள்.

கென்யாவில் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழ்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற, மாடு மேய்க்கும் மாசாய் இனத்துச் சிறுவன், அசையும் வெளிச்சத்துக்குச் சிங்கம் தயங்குவதைக் கவனித்தான். பழைய கார் பேட்டரி, சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, டார்ச் பல்புகள் ஆகியவற்றைக் கொண்டு பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளை அமைத்தான். நல்ல வழி அது. போட்ஸ்வானாவில், தன்னைப் பார்த்துவிட்டதாக விலங்கு நினைத்துப் பின்வாங்கட்டும் என்று மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்து நான்கு ஆண்டுகள் சோதித்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, கண் வரைந்த 683 மாடுகளில் ஒன்றுகூடப் பதுங்கித் தாக்கும் விலங்குகளிடம் சாகவில்லை. எதுவும் வரையாத 835 மாடுகளில் 15 செத்தன. இவை துணைக்கு நல்லவை. விலங்குக்குப் பழகிப்போகவும் கூடும் என்பதால், விளக்கை நம்பிக் கதவை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, மாடு அடிபட்ட அன்றைய பகல். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இழப்பீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர், செத்த மாட்டின் உடலில் விஷம் வைப்பார். திரும்பி வரும் புலி மட்டுமல்ல, கழுகும் நரியும் சேர்ந்து சாகும். அன்றைக்கே ஒருவர் வந்து பார்த்து, படம் எடுத்து, மனுவை எழுதிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் விஷம் வரை போகாது. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் கிப்பர் கிராம மக்கள் தாங்களே சந்தா கட்டி, கால்நடைக் காப்பீட்டை ஊர்க் குழு வழியாக நடத்துகிறார்கள். யார் மாடு எப்படிச் செத்தது என்று ஊருக்குத் தெரியும், அதனால் பொய்க் கணக்கு எடுபடாது.

'கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுங்கள்' என்பதுதான் எங்கும் எழும் கோரிக்கை. இதைத் தயவுசெய்து ஆதரிக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில், பிடித்த சிறுத்தைகளை அருகிலிருந்த காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்திருந்தது. பிடித்துக் கொண்டுபோன விலங்குக்குப் புது இடத்தில் தண்ணீரும் தெரியாது, ஒதுங்கும் வழியும் தெரியாது. காலியான இடத்துக்கு இன்னொரு சிறுத்தையும் வந்துசேரும். மனிதரைத் திரும்பத் திரும்பக் கொல்லும் விலங்கு என்றால் வேறு. அதை உடனே அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மனித உயிரைக் காப்பதில் பாதி வேலை சாதாரணமானது. வீட்டோடு கழிப்பறை வேண்டும், ஏனென்றால் இருட்டில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய இரையாகத் தெரியலாம். அந்தி சாய்ந்தபின் குழந்தைகள் தனியாக வெளியே போகக் கூடாது. குப்பை சேர்ந்தால் நாய் சேரும், நாய் சேர்ந்தால் சிறுத்தை வரும். கரும்புக்காட்டில் குட்டிகளைக் கண்டால் தொடாமல் விலகிவிட வேண்டும். தாய் இரவில் வந்து எடுத்துப் போகும். சிறுத்தை ஒரு வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் சுற்றி நிற்கும் கூட்டம்தான் பேராபத்து. வழியை விட்டு ஒதுங்கினால் இருட்டியதும் தானே போய்விடும் என்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

பணம் கொடுக்க நினைத்தால், உள்ளூர் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தரும் திட்டமாகப் பார்த்துக் கொடுங்கள். கென்யாவின் அம்போசேலியில் 2007 முதல் 'லயன் கார்டியன்ஸ்' அமைப்பு மாசாய் இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. சிங்கம் இன்று எந்தப் பக்கம் இருக்கிறது என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வது, வழிதவறிய மாட்டைத் தேடிக் கொண்டுவருவது, பட்டி வேலியை அடைப்பது, பழிவாங்கக் கிளம்பும் கூட்டத்திடம் பேசி நிறுத்துவது எல்லாம் அவர்கள் வேலை. முன்பு ஈட்டியோடு சிங்க வேட்டைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் பேச்சை ஊர் கேட்கிறது.