சிங்கிள் கோட்டா, டபுள் கோட்டா?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆய்வேட்டில் மேற்கோளுக்கு டபுள் கோட்தான் போட வேண்டும் என்கிறார் என் நெறியாளர். நான் எடுத்திருக்கும் லண்டன் பதிப்பு நாவலிலோ உரையாடல் முழுக்க சிங்கிள் கோட்டில் இருக்கிறது. எது சரி?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் சரிதான். ஆனால் உங்கள் ஆய்வேட்டுக்கு நெறியாளர் சொல்வதைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. லண்டன் புத்தகம் என்றால் பெரும்பாலும் வெளியே சிங்கிள், மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் டபுள். நியூயார்க் என்றால் அப்படியே தலைகீழ். பிரிட்டனிலேயே ‘கார்டியன்’ நாளிதழ் பேச்சுக்கு டபுள்தான் போடுகிறது. இதெல்லாம் அந்தந்தப் பதிப்பகத்தின் வழக்கம். இலக்கணப் பிழை என்று யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

நம் ஆங்கிலத் துறைகள் பலவற்றில், ஆய்வேடு எழுதும் முறையைச் சொல்லும் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) கையேட்டைத்தான் பின்பற்றுகிறார்கள். அது அமெரிக்க முறை, டபுள் கேட்கும். நாவலில் சிங்கிளில் இருக்கும் உரையாடல் உங்கள் டபுளுக்குள் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்தால் உள்ளே இருக்கும் டபுளைச் சிங்கிளாக்க வேண்டும். மூலத்தில் கை வைக்கிறோமே என்று தயங்காதீர்கள், இந்த மாற்றத்துக்கு அனுமதி உண்டு. உரைநடை மேற்கோள் உங்கள் பக்கத்தில் நான்கு வரியைத் தாண்டினால் அரை அங்குலம் உள்ளே தள்ளித் தனிப் பத்தியாகப் போடுங்கள். அதைச் சுற்றி எந்தக் குறியும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எங்கே அச்சாகும் என்று தெரியாத எதையும் டபுளில் எழுதி வையுங்கள். உள்ளே இருப்பவற்றை முதலில் கையால் மாற்றிவிட்டால், டபுளைச் சிங்கிளாக்குவது கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை. சிங்கிளை டபுளாக்குவதோ பெரும்பாடு. ஏனென்றால் அபாஸ்ட்ரஃபிக்கும் (don’t என்பதில் n-க்கும் t-க்கும் நடுவே வரும் குறி) மூடும் சிங்கிளுக்கும் ஒரே வடிவம். மொத்தமாக ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்தால் ‘டோன்ட்’, ‘கான்ட்’ எல்லாவற்றின் நடுவிலும் டபுள் கோட் முளைத்துவிடும். ஒரு முழு நாவல் அந்தக் கோலத்தில் என் மேஜைக்கு வந்திருக்கிறது. எழுதியவரின் உழைப்பை நினைத்து மனசு வலித்தது.

அப்புறம், ‘90கள்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது எண்ணுக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி வரும் இல்லையா? வேர்டு அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்து, 9 போல வளைய வேண்டியதை 6 போல வளைத்துவிடும். அந்த இடத்தில் குறியை இரண்டு முறை தட்டி, முதலாவதை அழித்துவிடுங்கள். சரியாக வளைந்தது நிற்கும்.