கல்லூரி நூலகம் பக்கத்துப் புத்தகக் கடையில் வாங்கினால் என்ன?

கடை இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது நூலகம் ஏன் எங்கிருந்தோ புத்தகம் வரவழைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். விலை மட்டுமே காரணமில்லை. பெரிய விநியோகஸ்தர் புத்தகத்தோடு வேலையையும் சேர்த்து விற்கிறார்: நூலகக் கணினிகள் படிக்கும் பொது வடிவமான மார்க்கில் (MARC) பட்டியல் பதிவு, பார்கோடு, அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணை முதுகில் ஒட்டும் சீட்டு, கணினிக்கு நேராக வரும் பில். பிரித்தால் அலமாரியில் அடுக்கிவிடலாம். துறைவாரியாக விருப்பத்தைச் சொல்லிவைத்தால் புதிய நூல்கள் தாமாகவே வரும். 1960-களில் அமெரிக்காவில் புத்தக விற்பனையாளர் ரிச்சர்ட் ஏபெல் பரவலாக்கிய முறை இது. அவர் நிறுவனமே 1974-இல் நொடித்தது, நூலகங்கள் திண்டாடின. ஒரே கடையை நம்புவதில் உள்ள ஆபத்து அப்போதே தெரிந்ததுதான்!

சிறு கடையின் பலம் வேறு. ஐநூறு பிரதி அச்சிட்ட கவிதைத் தொகுப்பு, உள்ளூர் வரலாறு, சிற்றிதழ் எல்லாம் பெரிய பட்டியல்களில் பெரும்பாலும் ஏறுவதே இல்லை. கடைக்காரருக்கோ அவற்றை எழுதியவரையே தெரிந்திருக்கும். நாளை ஆய்வு மாணவர் தேடி வருவதும் இவற்றைத்தான்.

ஆகவே மொத்தக் கொள்முதலை மாற்ற வேண்டாம். நிதியில் சிறு பங்கை இதற்கென ஒதுக்கி, நூலகரே நேரில் போய்ப் பொறுக்கி எடுக்கட்டும். ஒப்பந்தப்புள்ளி தேவைப்படாத தொகை வரம்பு எவ்வளவு என்று முதலில் கணக்குப் பிரிவில் கேளுங்கள். பணத்தையும் சீக்கிரம் கொடுங்கள். மூன்று மாதக் கடனைச் சிறு கடை தாங்காது.