கணினி கேள்வி பதில்: கரண்டு நிலையில்லாத வீட்டுக்கு கேமிங் கணினி

கேள்வி: மகனுக்குக் குறைந்த செலவில் கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க நினைக்கிறோம். சிபியு ரைசன் 5 5500, கிராபிக்ஸ் கார்டு 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 8 ஜிபி ராம் ஒன்று, கேஸோடு வரும் பவர் சப்ளை என்று கடையில் எழுதித் தந்தார்கள். எங்கள் பகுதியில் கரண்டு அடிக்கடி போகிறது, மாலையில் வோல்டேஜும் இறங்குகிறது. இந்தப் பட்டியல் சரிவருமா?
வாசகர், ரங்கூன்

பதில்: இப்படியே வாங்காதீர்கள். முதலில் மாற்ற வேண்டியது பவர் சப்ளை. கேஸோடு சும்மா வருபவற்றில் பலவற்றுக்குப் பின்புறம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230-ல் வைத்தால் இறங்கிய வோல்டேஜில் திணறி அணையும். 115-ல் தெரியாமல் தள்ளிவிட்டால் வெடித்தே போகும். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள, லேபிளில் 100–240 வோல்ட் என்று அச்சிட்ட 550 வாட் பவர் சப்ளை வாங்குங்கள். வோல்டேஜ் 170-க்கு இறங்கினாலும் அது தாங்கும்.

அடுத்து, கரண்டு போனால் பேட்டரியில் ஓடவைக்கும் யு.பி.எஸ். கீழே சொல்லும் பாகங்களுக்கு மானிட்டரையும் சேர்த்து விளையாடும்போது ஏறக்குறைய 280 வாட் இழுக்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் விஏ எண்ணை நம்பாமல் வாட் எண்ணைப் பாருங்கள்: 650 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான், வயதான பேட்டரிக்கு அது இறுக்கம். 1000 விஏ, 600 வாட், லைன் இன்டர்ஆக்டிவ் வகை (வோல்டேஜ் இறங்கினால் பேட்டரிக்குப் போகாமலே ஏற்றித் தருவது) போதும். விலை குறைந்த யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது தரும் மின்சாரம், சுவரில் வருவதுபோல் சீரான சைன் அலையாக இராது. சில ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அந்த நொடியே அணைந்துவிடும். அதனால் கடையிலேயே ஒரு கேமை ஓடவிட்டு, யு.பி.எஸ்-இன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். அணையாவிட்டால் வாங்கலாம். பேட்டரி தருவது சில நிமிடங்களே. சேமித்து மூடத்தான் அது, விளையாட அல்ல.

இனி கிராபிக்ஸ் கார்டு. 6500 எக்ஸ்டி, கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐஇ-யில் நான்கே பாதைகளில் பேசுகிறது. 5500-ஓ பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 மட்டுமே தரும். இரண்டும் சேர்ந்தால் அந்த இணைப்பின் வேகம் பாதியாகிறது. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிறைந்ததும் கேமின் படங்களை ராமிலிருந்து அந்தக் குறுகிய வழியாக இழுக்க வேண்டியிருப்பதால் கேம் விக்கி விக்கி ஓடும். 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 எடுங்கள். அதன் மின்செலவு 132 வாட்தான். பணம் மிஞ்சினால் சிபியுவை 5600 ஆக்கலாம். மிஞ்சாவிட்டால் 5500-ஏ இருக்கட்டும், கார்டில் குறைக்க வேண்டாம்.

ராம் 8 ஜிபி வீதம் இரண்டு, டிடிஆர்4 3200. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ராமை முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி போடாவிட்டால் 3200-க்குக் கொடுத்த பணம் வீண். கரண்டு திரும்பியதும் கணினி தானே எழாதபடி அங்கேயே அமைத்துவிடுங்கள். திரும்பும் முதல் ஓரிரு நிமிடங்களில்தான் வோல்டேஜ் துள்ளும். விளக்கு மின்னும் கேஸுக்குச் செலவழிக்காதீர்கள், முன்புறம் வலைக்கண் உள்ளதாக இருந்தால் சரி.

கேள்வி: ரைசன் 5 5600 சிபியுவைப் பழைய பி450 மதர்போர்டில் பூட்டினேன். விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஒன்றுமில்லை.
வாசகர், பெகு

பதில்: 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை மதர்போர்டில் செருகியிருந்தால் கார்டுக்கு மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் சிபியுவுக்கான 8 பின் இணைப்பையும் ராமையும் அழுத்திப் பாருங்கள். கடைசியாக பயாஸ்: பழைய பி450 போர்டுகள் புதுப்பிக்காமல் 5000 வரிசையை அடையாளம் காணா. பொத்தானால் பயாஸ் ஏற்றும் வசதி போர்டில் இல்லையென்றால் கடையில் பழைய ரைசன் ஒன்றைப் போட்டு ஏற்றித் தரச் சொல்லுங்கள்.